காய்ச்சலும் பாய்ச்சலும்: ஒரு துண்டு பைப் போதும்

மழையை நம்ப முடியாத காலத்தில், நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள். வயலைக் கொஞ்சம் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சுவதுதான் காய்ச்சலும் பாய்ச்சலும்; எப்போது பாய்ச்சுவது என்பதை மண்ணுக்குள் இறக்கிய ஒரு பைப் காட்டிவிடும். 30 செ.மீ. நீள பிவிசி பைப்பில் அடிப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள் (இதை மறந்தால் அது வெறும் நட்ட குச்சிதான்). மேல்மண் காய்ந்த மாதிரி தெரியும், லேசாக வெடிப்புகூட விடும், பதற வேண்டாம், பைப்புக்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு வயலில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி பாய்ச்சினால் போதும். நட்ட இரண்டு வாரத்தில் ஆரம்பிக்கலாம். களை அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம், பூக்கும் சமயத்தில், அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும், இந்தக் கணக்கெல்லாம் கூடாது, தண்ணீர் நிற்கட்டும்.