காட்டில் பூத்து நிற்கும் அயல் கொன்றையை அடையாளம் காணும் முறை

முதுமலையிலும் அதை அடுத்த வயநாட்டுக் காடுகளிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் உச்சி முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரத்தைக் கண்டதும், அதைச் சரக்கொன்றை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்டு, இன்று காட்டுக்குள் பரவிவிட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமாக அது இருக்கலாம். சரக்கொன்றை முக்கியமாகப் பூப்பது சித்திரை, வைகாசி வெயிலில்தான். ஆனாலும் பருவத்தை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது.

முதலில் இலையைப் பார்க்க வேண்டும். சரக்கொன்றையின் இலையில் நான்கு முதல் எட்டு இணைச் சிற்றிலைகளே இருக்கும்; ஒவ்வொன்றும் அகன்று, பெரிதாக இருக்கும். ஸ்பெக்டாபிலிஸில் பெரும்பாலும் பத்து இணைகளுக்கு மேல் இருப்பதோடு, சிற்றிலைகள் குறுகி, நுனி கூர்ந்து, அடிப்புறத்தில் மென்மையான மயிர்களுடன் காணப்படும். சாலையோரங்களில் நடப்படும் சென்னா சியாமியாவும் இதைப் போலவே தோன்றும் என்றாலும், அதன் சிற்றிலை நுனி மழுங்கியோ லேசாகப் பிளந்தோ இருக்கும். இலை இரண்டு முறை கிளைத்து, புளிய இலையைப் போல நுணுகியிருந்தால் அது இயல்வாகை.

அடுத்தது பூங்கொத்து. சரக்கொன்றையில் அது சரமாகக் கீழே தொங்கும்; ஸ்பெக்டாபிலிஸில் கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஐயம் தீரவில்லையெனில், உதிர்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து மகரந்தத் தாள்களைக் கவனியுங்கள். சரக்கொன்றைப் பூவில் மூன்று தாள்கள் நீண்டு வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஸ்பெக்டாபிலிஸில் அந்த நீண்ட வளைந்த தாள்கள் கிடையாது. என் மதிப்பில் இதைவிட உறுதியான அடையாளம் வேறில்லை.

காய் கிடைத்தால் வேலை இன்னும் எளிது. இரண்டிலும் அது உருளையாக இருக்கும். ஆனால் ஸ்பெக்டாபிலிஸ் காய் பெரும்பாலும் ஒரு அடிக்குள் அடங்கி, விரல் தடிமனே இருக்கும், சரக்கொன்றைக் காயோ இரண்டடி வரை நீண்டு, உள்ளே பிசுபிசுப்பான கரிய சதையுடன் இருக்கும். சியாமியாவின் காய் தட்டையானது.

காப்பகத்துக்குள் கிளை ஒடிக்க அனுமதியில்லை. உதிர்ந்து கிடப்பவையே போதும். இலை, பூங்கொத்து, காய் மூன்றையும் அருகிலிருந்து படமெடுத்து, இடத்தைக் குறித்து வனச்சரக அலுவலகத்தில் தெரிவியுங்கள். வெட்டிய அடிமரத்திலிருந்து பல தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும் மரம் இது என்பதால், தனியார் நிலத்திலும் வனத்துறையின் வழிகாட்டுதல் இன்றி அதில் கோடரி வைக்க வேண்டாம்.