சாடியில் நெருங்கிப்போன லில்லிக் கிழங்கைப் பிரித்து நடுவது

எங்கள் வீட்டு லில்லிச் சாடியில் இந்த முறை இலைதான் மண்டிக் கிடந்தது, பூ ஒன்றுகூட இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் மண்சாடியின் விளிம்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே கிழங்குகள் பெருத்துச் சாடியையே பிளந்திருக்கின்றன. கொஞ்சம் நெருக்கம் இதற்குப் பிடிக்கும்தான், ஆனால் இந்த அளவுக்கு வந்தால் பிரித்தே ஆகவேண்டும்.

நான் சொல்வது எக்காளம் போலச் சிவப்பாய், ரோசாவாய்ப் பூக்கும் லில்லி. அதன் தாவரவியல் பெயர் ஹிப்பியாஸ்ட்ரம், சொந்த இடம் தென்னமெரிக்கா. உண்மையான லிலியம் வகைக்குக் குளிர் வேண்டும், திருகோணமலை வெக்கையில் அது நிலைக்காது. அதன் கிழங்குக்கு வெங்காயம் போல மேல்தோலும் கிடையாது, காயவிட்டால் வதங்கிப்போகும். ஆகவே கீழே உள்ள முறையை அதற்குச் செய்யாதீர்கள்.

பிரிக்க நல்ல காலம் ஆவணிக் கடைசி, புரட்டாதி. மாரி கொட்டத் தொடங்குமுன் வேர் பிடித்துவிட வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மண் காய்ந்தால் சாடியைச் சரித்துத் தட்டியதும் கட்டியாகக் கழன்று வரும்.

மண்ணை விரலால் உதிர்த்தால் பம்பாய் வெங்காயம் அளவில் தாய்க் கிழங்கும், அதன் இடுப்பில் ஒட்டிய குட்டிகளும் தெரியும். வேர்கள் தடித்த இடியப்பம் மாதிரிப் பின்னிக் கிடக்கும். இழுத்துப் பிய்க்காமல் பொறுமையாக அவிழுங்கள். லேசாகத் திருகினால் கழரும் குட்டியை மட்டும் எடுங்கள். கழராவிட்டால், வேர் முளைக்கும் அடித்தட்டில் ஒரு துண்டும் சில வேர்களும் குட்டியோடு வருமாறு கத்தியால் வெட்டுங்கள். பெருவிரலை விடச் சிறியதைத் தாயோடு விடுவதே நல்லது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். இலையில் மஞ்சள் கோடு விழும் வைரஸ் நோய் கத்தியில் ஒட்டும் சாற்றோடும் பரவும். அப்படிக் கோடு விழுந்த செடியைப் பிரிக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

அடுத்த படியில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். முதல் தடவை நான் பிரித்த அன்றே ஈரமண்ணில் நட்டேன். பத்தாம் நாள் கிழங்கை அமுக்கினால் பழுத்த வாழைப்பழம் போல விரல் உள்ளே போனது, நாற்றம் வேறு. மூன்று கிழங்கு போச்சு. வெட்டுக்காயம் காய்ந்து தோல்போல இறுகும்வரை, இரண்டு மூன்று நாள், நிழலில் பேப்பரில் பரப்பி வையுங்கள். கறுவாத்தூள் பூசுவோரும் உண்டு. பூசலாம், ஆனால் காயவிடுவதற்கு அது ஈடாகாது. பரப்பும் இடம் குசினியாக இருக்க வேண்டாம். இது நஞ்சுக் கிழங்கு, வெங்காயம் என்று யாராவது கறிக்கு அரிந்துவிடுவார்கள். பூனை, நாய்க்கும் எட்டக்கூடாது.

மண்ணுக்கு, தோட்டமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. கடல் பக்கத்தில்தானே என்று கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு வேரைக் கருக்கும். தண்ணீரும் அப்படித்தான். உப்புவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஊரின் பேரே சொல்லுது. கிணறு உவரென்றால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

சாடி கிழங்கைவிடச் சுற்றிவர ஓர் அங்குலம் அகலமாக இருந்தால் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். கிழங்கில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், கழுத்தும் தோளும் வெளியே. கழுத்தை மூடினால் தண்ணீர் தங்கி அழுகும். நட்டதும் ஒரு தடவை ஊற்றுங்கள். பிறகு இலைநுனி தலைகாட்டும்வரை மண் ஒட்டக் காயாமல் கொஞ்சம் தெளித்தால் போதும். மாரியில் சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

தாய்க் கிழங்கு அடுத்த பருவத்திலேயே பூக்கக்கூடும். குட்டிகளுக்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். என்னுடைய ஏழு குட்டிகளும் இப்போது அடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிறீம் பெட்டியில் இருக்கின்றன. அதில் இரண்டைப் பக்கத்து வீட்டு மாமி இப்போதே கேட்டு வைத்துவிட்டா.