அம்மாவுக்கு ரிட்டுக்சிமாப் ஏற்றியபோது கற்றவை

அம்மாவுக்கு முதலில் வந்தது வாய்ப்புண்தான். உடம்புச் சூடு என்று நினைத்து நான்கு மாதம் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தேன். முதுகில் கொப்புளம் கிளம்பி, ரவிக்கை உரசினாலே தோல் உரியத் தொடங்கிய பிறகுதான் பெம்பிகஸ் வல்காரிஸ் என்று தெரிந்தது. தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய். தொற்றாது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி அவர்களை நோகடிக்காதீர்கள்.

பரிசோதனைக்குத் தோலில் இரண்டு துண்டு எடுப்பார்கள். அதில் ஒன்று இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு, அதாவது தோலில் எதிர்ப்புப் பொருள் படிந்திருக்கிறதா என்று ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனைக்கு. அந்தத் துண்டு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் விழவே கூடாது. எங்களுக்கு இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டுவிட்டார்கள். அம்மா மறுபடி ஊசி குத்தித் தோல் துண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. லேபுக்கு நீங்கள் எடுத்துப்போவதாக இருந்தால் தனித்தனி பாட்டிலில் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் சொன்ன சிகிச்சை ரிட்டுக்சிமாப், நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து. 2017-இல் வெளிவந்த பிரான்சு ஆய்வு ஒன்றைச் சொல்லித்தான் அவர் எங்களுக்குத் தைரியம் கொடுத்தார். ரிட்டுக்சிமாபோடு குறைந்தகால ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு முடிவில் மாத்திரையே இல்லாமல் நன்றாக இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் அது 34 சதவீதம்.

ஏற்றும் முன் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி, காசநோய்ப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி இந்த மருந்தால் கிளம்பிவிடும். தடுப்பூசி பாக்கியிருந்தால் முடிந்தவரை நான்கு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பிரஷர் மாத்திரையை அன்று காலை போடலாமா என்றும் கேளுங்கள். ஏற்றும்போது ரத்த அழுத்தம் இறங்கக்கூடும்.

அம்மாவுக்கு 1000 மி.கி., இரண்டு வாரம் கழித்து இன்னொரு 1000. முதல் நாள் மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், பொழுது அதிலேயே போய்விடும். கையில் ஊசியைப் பிளாஸ்திரி ஒட்டாமல் துணிக்கட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். பிளாஸ்திரியோடு தோலும் வந்துவிடும். நர்ஸைத் தொந்தரவு பண்ண வேண்டாமே என்று அம்மா குளிர் நடுக்கத்தை மறைத்துவிட்டார். தொண்டை அரிப்பு, நடுக்கம், நெஞ்சிறுக்கம் எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டு, அடங்கியதும் இன்னும் மெதுவாக ஏற்றுவார்கள்.

அப்புறம்தான் கஷ்டமான காலம். தோலைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் உருவாகக் காரணமான பி செல்கள் என்ற ரத்த அணுக்களை இந்த மருந்து அழிக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் பொருளை அழிக்காது. அது தானாகக் குறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மூன்றாம் வாரம் புதுக் கொப்புளம் வந்ததும் அம்மா அழுதார். அதற்காக ஊசி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். இந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வார்டில் சுத்தம் செய்த வாழையிலையில்தான் அம்மாவைப் படுக்கவைத்தார்கள். புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். சாப்பாடு காரமில்லாத, நன்கு குழைத்த மோர்சாதம்.

இப்போது தினமும் பல் தேய்த்ததும் அம்மா டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கம் பார்க்கிறார். புதுப் புண் தெரிந்தால் அன்றே டாக்டருக்குப் போன்.