எழுத நேரம் இல்லை என்று சொல்லும் வைத்தியர்களுக்கு

நோயாளிகளுக்காகத் தமிழில் எழுதுவதற்கென்று தனியாக ஒரு நாள் வரும் என்று காத்திருந்தால் ஓய்வூதியம் எடுத்த பிறகும் அது வராது. கிளினிக்கில் ஒரே கேள்வியை ஒரு காலைக்குள் மூன்று பேர் கேட்டால் அன்றைக்கு எழுத வேண்டியது அதுதான். கேள்வியை மட்டும் ஒரு வரியில் குறியுங்கள், பேர் வேண்டாம்.

வீட்டுக்குப் போய், போன் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக்கை அழுத்தி, கேட்ட ஆளுக்கே சொல்வதுபோலப் பேசுங்கள். தமிழில் தட்டச்சுத் தெரியாது என்ற சாக்கு இனி எடுபடாது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சு அதற்கு அரைகுறையாகத்தான் பிடிபடுகிறது, நான் குளிசை (மாத்திரை) என்றால் அது குளிர் என்று எழுதிய நாளும் உண்டு. அதனால் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்ற மூன்றையும் கையாலேயே அடியுங்கள். 5 என்பது 50 ஆகிவிட்டால் அதை எழுத்துப்பிழை என்று விட முடியாது.

சரி, எப்படி எழுதுவது? என் பிழையையே சொல்கிறேன். இன்சுலின் தொடங்கிய ஓர் ஆச்சிக்கு "குளிரூட்டியில் வைக்கவும்" என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். ஆச்சி அதை ஐஸ் பெட்டிக்குள், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். அடுத்த முறை சீனி ஏறி வந்தபோது, "நீங்கள்தானே தம்பி குளிருக்கை வைக்கச் சொன்னீங்கள்" என்றார். 2 முதல் 8 பாகை செல்சியஸ் என்பது எனக்கு வேண்டிய கணக்கு, ஆச்சிக்கு வேண்டியது எந்தத் தட்டு என்பது. இப்போது இப்படி எழுதுகிறேன்: "ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பொலித்தீன் பையில் கட்டி, தண்ணீர் உள்ள மண்பானைக்குள் வையுங்கள்."

எழுதியதைத் திருத்தச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் சுத்தமான தமிழில் மாத்திரை, சர்க்கரை நோய் என்று தரும். பிழை இல்லை, ஆனால் எங்கள் சனம் சொல்வது குளிசை, சலரோகம். 1847இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தேடித்தேடித்தான் நூல்களை மொழிபெயர்த்தார். எங்களுக்கு வேலை பாதிதான், சொல் ஏற்கெனவே கிளினிக் வாங்கில் காத்திருப்பவர்களின் வாயில் இருக்கிறது.

அப்புறம், நோயாளியின் விபரத்தை அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குள் ஒட்டவே வேண்டாம். கட்டுரையிலும் ஊர், தொழில், வருத்தம் மூன்றையும் சேர்த்து எழுதாதீர்கள். தீவுப்பகுதியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்று எழுதினால் பேர் எழுதத் தேவையே இல்லை. மேலே சொன்ன ஆச்சியிலும் இரண்டு விஷயத்தை மாற்றியிருக்கிறேன்.