ஸ்கைரிமில் மாட்களும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரும்: பதிப்பு எண்ணிலிருந்து தொடங்குங்கள்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை வட சென்னையை மூழ்கடித்தபோது, கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. மின்சாரமும் இணையமும் திரும்பிய மாலையில் கணினியை இயக்கி, ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டைத் திறக்க முயன்றேன். நான் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணைச் செயலி இந்தப் பதிப்புக்கு உரியதன்று என்ற அறிவிப்பு மட்டும் வந்து நின்றது. டிசம்பர் 5 அன்று விளையாட்டின் 1.6.1130 பதிப்பு வெளியாகியிருந்தது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அமைப்பை நான் மாற்றாமல் விட்டிருந்ததால், இணையம் வந்தவுடன் புதிய பதிப்பு இறங்கிவிட்டது. மாட்களை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கப் பிறர் எழுதிய கூடுதல் தொகுப்புகளை, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மீண்டும் பொருத்த எனக்குப் பல இரவுகள் பிடித்தன. அந்த உழைப்பு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்டெண்டர் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கைரிம் தன் நிகழ்வுகளைப் பாப்பிரஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழியால் நடத்துகிறது. அந்த மொழியில் இயல்பாக உள்ள கட்டளைகள் குறைவு. எஸ்கேஎஸ்இ64 என்னும் எக்ஸ்டெண்டர், விளையாட்டு ஓடத் தொடங்கும்போது அதன் நினைவகத்துக்குள் நுழைந்து புதிய கட்டளைகளைச் சேர்ப்பதோடு, டிஎல்எல் வடிவில் எழுதப்பட்ட பிளகின்கள் என்னும் சிறு நிரல்களையும் ஏற்றுகிறது. பொருள் பட்டியலை ஒழுங்குபடுத்தும் ஸ்கை யூஐ, முகத்தை நுணுக்கமாக வடிக்க உதவும் ரேஸ்மெனு ஆகிய இரண்டும் இதன்றி முழுமையாக இயங்கா.

தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வீட்டுக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என இரண்டு எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வரும் கூரியர்காரர் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார். விளையாட்டின் இயக்கக் கோப்பு புதுப்பிக்கப்படும்போதும் இதுவே நடக்கிறது: உள்ளே ஒவ்வொரு செயற்கூறும் இருந்த இடம் மாறிவிடுவதால், பழைய இடத்தைத் தேடிச் செல்லும் பிளகின் தவறான இடத்தைத் தொட்டு விளையாட்டையே வீழ்த்திவிடுகிறது. அட்ரஸ் லைப்ரரி என்ற மாட், ஒவ்வொரு செயற்கூறுக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, எந்தப் பதிப்பில் அது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தருகிறது. ஆயினும், வீட்டு எண் சரியாக இருந்தும் உள்ளே அறைகளின் அமைப்பு மாறியிருந்தால் அட்டவணை உதவாது. அப்போது அந்தப் பிளகினை எழுதியவரே அதைப் புதிதாக்க வேண்டும்.

ஆகவே எதையும் தரவிறக்குவதற்கு முன் உங்கள் பதிப்பு எண்ணைக் கண்டறியுங்கள். விளையாட்டின் கோப்புறையில் உள்ள ஸ்கைரிம்எஸ்இ இயக்கக் கோப்பின் மீது வலச் சொடுக்குச் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதியைத் திறந்தால் எண் தெரியும். இன்று மாட் பயன்படுத்துவோர் பெரும்பாலும் நிலைகொண்டிருப்பவை 1.5.97, 1.6.640, 1.6.1170 ஆகிய மூன்று பதிப்புகளாகும். 1.5.97-க்கு உரிய எக்ஸ்டெண்டர் 2.0.20, 2024 ஜனவரியில் வந்த 1.6.1170-க்கு உரியது 2.2.6. புதிதாகத் தொடங்குபவர் 1.6.1170-இலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து. 1.5.97-க்கு மட்டுமே எழுதப்பட்ட மாட் ஒன்று உங்களுக்கு இன்றியமையாததாக இருந்தாலொழிய, பழைய பதிப்புக்கு இறங்கிச் செல்லும் சிரமம் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் ஸ்டீமில் வாங்கியதற்கும் ஜிஓஜியில் வாங்கியதற்கும் எக்ஸ்டெண்டர் தனித்தனியாக உள்ளது, சந்தா சேவையான கேம் பாஸ் வழியாகவும் எபிக் கடை வழியாகவும் கிடைக்கும் ஸ்கைரிமுக்கு அது இல்லை. ரிச்சி தெருவில் கணினி வாங்கிய கையோடு கேம் பாஸ் எடுத்துவிட்டுப் பிறகு வருந்திய தம்பிகள் எனக்குத் தெரிந்தே இருவர் உண்டு.

விளையாட்டைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். விண்டோஸின் பாதுகாப்பு அங்கே கோப்புகளை எழுதவிடாமல் தடுக்கக்கூடும். ஸ்டீமில் வேறு டிரைவில் புதிய லைப்ரரியை உருவாக்கி அங்கே நிறுவுங்கள். பின்னர் விளையாட்டின் பிராப்பர்ட்டீஸில் அப்டேட்ஸ் பகுதிக்குச் சென்று, விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றிவிட்டு, அன்றிலிருந்து ஸ்டீமின் பிளே பொத்தானைத் தொடாதீர்கள். புயலுக்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். மாட் எதையும் சேர்க்கும் முன் ஒரே ஒரு முறை மட்டும் அந்தப் பொத்தானால் திறந்து மூடுங்கள். அமைப்புக் கோப்புகள் அப்போதுதான் உருவாகும்.

எக்ஸ்டெண்டரின் தொகுப்பில் உள்ள, விளையாட்டைத் திறக்கும் லோடர் கோப்பையும் டிஎல்எல் கோப்பையும் விளையாட்டின் இயக்கக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் இடுங்கள்; ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறை டேட்டாவுக்குள் செல்ல வேண்டும். லோடர் வழியாக விளையாட்டைத் திறந்து, எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள விசையால் கட்டளை எழுதும் கன்சோலை வரவழைத்து, கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன் (GetSKSEVersion) என்று ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால் எண் வர வேண்டும். வராவிட்டால் வேறு எந்த மாட்டையும் நிறுவாமல் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மாட்களை நிர்வகிக்க மாட் ஆர்கனைசர் 2 என்ற செயலியையே நான் பரிந்துரைக்கிறேன். அது எந்தக் கோப்பையும் டேட்டா கோப்புறைக்குள் கொண்டுபோய்ப் போடுவதில்லை. ஒவ்வொரு மாட்டையும் தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் அவை டேட்டாவுக்குள் இருப்பதுபோல் காட்டுகிறது. ஒரு மாட்டை நீக்கினால் விளையாட்டின் கோப்புறையில் அதன் மிச்சம் எதுவும் தங்குவதில்லை. இதனால் லோடரையும் இந்தச் செயலிக்குள்ளிருந்தே இயக்க வேண்டும்; வெளியிலிருந்து இயக்கினால் இதன் வழியாக நிறுவிய மாட்கள் இல்லாத வெறும் ஸ்கைரிம்தான் திறக்கும்.

இந்தச் செயலியில் புதியவர்கள் குழம்புவது இரண்டு பட்டியல்களால்தான். இடப்பக்கப் பட்டியல் கோப்புகளுக்கானது: இரண்டு மாட்களில் ஒரே பெயருள்ள படக்கோப்பு இருந்தால், பட்டியலில் கீழே உள்ள மாட்டின் கோப்பே பயன்படும். வலப்பக்கப் பட்டியல் இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல் என்ற நீட்சிகளுடைய தரவுக் கோப்புகளான பிளகின்களுக்கானது (மேலே சொன்ன டிஎல்எல் பிளகின்கள் வேறு): ஒரே கதாபாத்திரத்தையோ ஆயுதத்தையோ இரண்டு பிளகின்கள் மாற்றினால், பின்னர் ஏற்றப்படுவதன் சொல்லே நிற்கும். ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கமும் மாறிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். வலப்பக்க வரிசைக்கு லூட் என்ற கருவி நல்ல தொடக்கத்தைத் தரும், ஆனால் மாட்டை எழுதியவர் தம் பக்கத்தில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். முழுப் பிளகின்கள் 254 வரைதான் ஏற்றப்படும். இலகு வகையான இஎஸ்எல் பிளகின்களுக்கு 4096 இடங்கள் தனியாக உண்டு. ஆகவே சிறிய மாட்களில் இலகு வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

அட்ரஸ் லைப்ரரியை முதலில் நிறுவுங்கள். 1.5 வரிசைக்கும் 1.6 வரிசைக்கும் அதன் கோப்புகள் வேறு. அடுத்து, விளையாட்டு வீழும்போது காரணத்தைப் பதிவு செய்யும் கிராஷ் லாகர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, அதன்பின் மற்றவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் திறந்து, சிறிது தூரம் நடந்து பாருங்கள். ஒரே இரவில் நூறு மாட்களை ஏற்றுபவருக்கு எது பழுது என்று ஒருபோதும் தெரியாது.

பழுது வந்தால் ஊகம் வேண்டாம். டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் மை கேம்ஸுக்குள் ஸ்கைரிமின் பெயரில் உள்ள கோப்புறையில் எஸ்கேஎஸ்இ என்ற உட்கோப்புறை இருக்கும். அங்கே உள்ள எஸ்கேஎஸ்இ64 லாக் கோப்பைத் திறந்தால், எந்தப் பிளகின் சரியாக ஏறியது, எது பதிப்புப் பொருந்தாமல் ஒதுக்கப்பட்டது என்பது வரிவரியாக எழுதப்பட்டிருக்கும்.

பால்டர்ஸ் கேட் 3 என்ற வேறொரு விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒரு சொல்: 2024 செப்டம்பரில் ஏழாம் பேட்சுடன் விளையாட்டுக்குள்ளேயே மாட் நிர்வாகி வந்துவிட்டது. ஆனால் அங்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை நாடும் மாட்களுக்கு அதைத் தனியே 'பின்' (bin) என்ற கோப்புறையில் இட வேண்டும்.

ஸ்கிரிப்ட் உள்ள மாட்டை ஆட்டத்தின் நடுவில் நீக்குவதுதான் பலரும் செய்யும் பெரும் பிழை. மாட்டின் கோப்புகள் போனாலும் அதன் ஸ்கிரிப்ட்கள் விட்டுச்சென்ற தரவுகள், ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும் சேவ் கோப்புக்குள் தங்கிவிடும்; பல மணி நேரத்துக்குப் பிறகே சேதம் வெளிப்படும். அத்தகைய மாட் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதை நிறுவுவதற்கு முன் எடுத்த சேவுக்குத் திரும்புங்கள் அல்லது புதிய ஆட்டம் தொடங்குங்கள். இதற்காகவே, எந்த மாட்டைச் சேர்ப்பதற்கு முன்பும் சேவ்களை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சேவும் இஎஸ்எஸ் கோப்பாக இருக்க, அதே பெயரில் எஸ்கேஎஸ்இ நீட்சியுடன் இன்னொரு சிறு கோப்பும் அருகில் இருக்கும். எக்ஸ்டெண்டர் வழியாக இயங்கும் மாட்கள் தம் நினைவை அதில்தான் வைத்துள்ளன. இரண்டையும் சேர்த்தே பென் டிரைவுக்கு எடுங்கள். கோடையில் எங்கள் பகுதியில் முன்னறிவிப்பின்றி மின்சாரம் போகும்; சேவ் எழுதப்படும் நொடியில் போனால் அந்தக் கோப்பு பாழாகிவிடும். அதனால் சிறிய யூபிஎஸ் ஒன்றையும் கணினியோடு இணைத்திருக்கிறேன்.