ரகசியம் நீக்கப்பட்ட உளவு அறிக்கையை வாசிக்கும் முறை

முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததை வைத்து அறிக்கையை எடைபோட்டால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். பலரும் சறுக்குவது இதில்தான்.

அடுத்து தரக்குறியீடு. நேட்டோ முறையில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து, தகவல் தந்தவரின் நம்பகத்தன்மையைக் காட்டும். 1 முதல் 6 வரையிலான எண், தகவலின் உறுதியை. எஃப், 6 இரண்டுக்கும் ‘மோசம்’ என்று பொருளில்லை, ‘மதிப்பிட இயலாது’ என்பதே பொருள்.

‘சாத்தியம் உண்டு’ என்று வந்தால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 1951இல் யூகோஸ்லாவியா தாக்கப்படக்கூடும் என மதிப்பிட்ட அமெரிக்க உளவுக் குழுவினரே, மனத்துக்குள் 20 முதல் 80 சதவீதம் வரை வெவ்வேறாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

பெரும்பான்மை முடிவை ஏற்காதவர்கள் பதிவுசெய்யும் மறுப்புக் குறிப்புகளைத் தாண்டாதீர்கள். இராக் பற்றிய 2002 அமெரிக்க உளவு மதிப்பீட்டில், அணு ஆயுதத் திட்டம் பற்றிய வெளியுறவுத் துறை உளவுப் பிரிவின் மாற்றுக் கருத்தே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.