குளியலறை வாசல் நிலை இற்றுப்போனால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளியலறை வாசலின் மர நிலை, அடியில் கறுத்து, விரலால் அழுத்தினாலே அமுங்கும் அளவுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலோர் ஆசாரியை அழைக்கின்றனர். அதற்கு முன்பே, சுரண்டி மக்கு வைத்து எனாமல் பெயிண்டு அடித்துப் பார்த்திருப்பார்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளராது. ஆனால் ஈரம் காயாத மரத்தில் பெயிண்டு அடித்தால், காற்றில் உலரக்கூடிய ஒரே பக்கத்தையும் அடைத்துவிடுகிறோம். சுவரை ஒட்டிய பக்கமும் தரையில் ஊன்றிய அடிநுனியும் நம் கண்ணில் படுவதில்லை. இற்றுப்போதல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் வெட்டுமுகத்தில் திறந்திருக்கும் நுண்குழாய்கள் தரை ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தச்சு வேலைக்கு முன், டைல்ஸ் இடுக்குகளையும் சுவருக்குள் செல்லும் குழாயையும் சோதித்துக் கசிவை நிறுத்தி, மரம் உலரும்வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் பிடிக்காத கட்டம் இதுதான்.

கரையான் என்று எண்ணி மருந்து அடிப்பதும் வழக்கம். கரையான் இருந்தால் மண்கோடு தெரியும், மரத்தின் உள்ளே நாரின் போக்கில் குடைந்திருக்கும். இற்ற மரமோ கட்டம் கட்டமாக வெடித்தோ, நார்நாராகப் பிரிந்தோ கிடக்கும். சிலர் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுகின்றனர். அது நாற்றத்தைத் தருவதோடு, பின்னர் பெயிண்டையும் ஒட்டவிடாது.

வெட்டும்போது கறுத்த பகுதியோடு நிறுத்திவிடக் கூடாது. திருப்புளியால் குத்திப் பார்த்து, உறுதியான மரம் தொடங்கும் இடத்துக்கும் சற்று மேலே சாய்வாக வெட்டி, நன்கு உலர்ந்த துண்டை இணைக்க வேண்டும். தேக்கு என்றாலே இற்றுப்போகாது என்பது மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ஓரத்து வெளிர்மரம் தேக்கிலும் எளிதில் கெடும். பூஞ்சையைத் தடுக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைப் புதுத் துண்டின் வெட்டுமுகத்திலும் சுவர்ப் பக்கத்திலும், துண்டைப் பொருத்துவதற்கு முன்பே ஊறவிட வேண்டும். இது தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால், உலர்ந்தபின் அதன்மேல் பெயிண்டு அவசியம். பிறகு அடிநுனியைச் சிமெண்டில் புதைத்தால் அத்தனை உழைப்பும் வீண். மரம் தரையைத் தொடாதபடி கீழே ஒரு கிரானைட் துண்டை வைப்பது நல்லது.

இவையெல்லாம் கட்டடத்தின் பாரத்தைச் சுமக்காத வாசல் நிலைக்கு மட்டுமே. பழைய ஓட்டு வீட்டில் சுவருக்குள் செருகிய உத்திரத்தின் நுனி இற்றிருந்தால், முட்டுக் கொடுத்துப் பொறியாளரிடம் காட்டாமல் அதில் உளி வைக்கவே கூடாது.